சென்னாக்குன்னி எழுதிய பக்கம்

மீன் விற்பதற்கு எதற்கு வென்ச்சர் கேபிடல் என்று ராயபுரத்தில் என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுகூட யாராவது பிடித்துக்கொள்வார்கள். நானும் சளைக்காமல் நின்று பதில் சொல்வேன். டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலைக்காலம் முழுக்கப் பேசியவளுக்குப் பேச்சு ஒரு பாரமா?

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாய்க்குத்தான் வேலை இல்லாமல் போனது. அப்போதுதான் மஜீதோடு கூட்டுச் சேர்ந்தேன். மஜீது காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். கீழ்ப்பாக்கத்திலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் பெண்கள் எனக்குப் போன் செய்வார்கள். இன்றைக்கு எந்த மீன் புதுசு, எது ஐஸில் கிடந்து கண் வெளுத்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். காலடிப்பேட்டையில் ஒரு வாடகைக் கொட்டகையில் எங்கள் பெண்கள் மீனை ஆய்ந்து, கழுவி, துண்டு போடுவார்கள். மஜீதின் வேன் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். 'ஹலோ மீன்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "யக்கா, நீ போன எடுத்தா மொதல்ல இன்னா சொல்ற? ஹலோன்னு தானே? அத்தயே வெச்சிக்கலாம்" என்றார். வைத்துக்கொண்டோம்.

கொட்டகையின் பின்பக்கம் ஒரு குளிர் அறை இருந்தது. எங்கள் உயிர் அதில்தான் இருந்தது. ஏப்ரல் பாதியில் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். மீன் முட்டையிடும் பருவம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மே மாசம் முடிகிற வரைக்கும், முன்னாடியே வாங்கி உறையவைத்த மீனை வைத்துத்தான் ஓட்டுவோம். அந்த அறை இல்லாவிட்டால் தடைக்காலத்தில் வாடிக்கை வேறு கடைக்குப் போய்விடும். போன வாடிக்கை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இதில் வருகிற ஒருவனை ஆண்ட்ரூ என்று கூப்பிடப் போகிறேன். எங்கள் தெருப் பையன். ஞானஸ்நானத்தின்போது கைக்குழந்தையாக அவனை ஏந்தி நின்ற ஞானத்தாய் நான். பெரியவனாகி, தரமணியில் மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு என் வீட்டில்தான். மஜீதும் அன்றைக்கு வருவார். வென்ச்சர் கேபிடல் என்ற வார்த்தையை எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவன் ஆண்ட்ரூ. அது 2006.

"ஆன்ட்டி, இந்த ஒத்த வேனை வெச்சிகினு எத்தினி நாளு ஓட்டுவீங்க? புதுக் கம்பெனிக்குத் துட்டு போடறதுக்குன்னே ஆளுங்க கீறாங்க. பேங்க் மாதிரி வட்டி கேக்க மாட்டாங்க. கம்பெனில பங்கு கேப்பாங்க. நீங்க வளந்தா அவங்களும் வளருவாங்க."

"நான் படுத்துட்டா?"

"அவங்களும் கூடவே படுப்பாங்க."

மஜீது முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "அவன் ஏசி ரூம்ல படுப்பான் நைனா. நாம எங்க போயி படுக்கறது?"

இருந்தாலும் போனோம். ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலகம். அங்கே ஒருவர் எங்களிடம் பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியும், லண்டன் கால் போட்டவள் நான். ஆனாலும் ஒரு வாக்கியம் புரியவில்லை. டெர்ம் ஷீட் என்றார். லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்றார். டைல்யூஷன் என்றார். ஒரு தாளைக் கொடுத்து, ஒரு வாரத்தில் சொல்லுங்கள் என்றார். எங்கள் ஆடிட்டரிடம் காட்டினால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டினார், "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்றார். அதைச் சொல்ல ஆடிட்டர் வேண்டுமா? கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டோம்.

அதே சமயத்தில் வியாசர்பாடிப் பெண் எழில்மொழியும் பணம் கேட்கப் போய் அடிபட்டு வந்திருந்தாள். ஆண்ட்ரூவோடு படித்தவள். துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோடு முழுக்க நாள் கணக்கில் நிற்கும் இல்லையா? எந்த வாசலில் வரிசை எப்போது நகரும் என்று டிரைவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிற வேலையை அவள் ஆரம்பித்திருந்தாள். அவளுக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வேறு வேறு ஆபீஸ், ஆனால் பாதி வரிகள் அப்படியே ஒன்றாக இருந்தன.

"பாத்தீங்களா?" என்றான் ஆண்ட்ரூ. அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "துட்டு போடறவனுங்க எல்லாம் ஒருத்தனுக்கொருத்தன் பேசிக்கிறானுங்க. கேக்கப் போற நாமதான் தனித்தனியா போயி தனித்தனியா அடி வாங்கறோம். எங்க லைன்ல அப்டி கெடையாது ஆன்ட்டி. ஒருத்தன் புரோகிராம் எழுதி சும்மாவே வெளிய போடுவான். எவன் வேணா எடுத்துக்கலாம். தப்பு கண்டா திருத்தலாம். திருத்தினத திரும்ப எல்லாருக்கும் குடுத்துடணும், பூட்டி வெச்சிக்கக் கூடாது. அதே மாதிரி இத்தயும் செய்யலாம்."

"அதாவது," என்றாள் எழில்மொழி, "நாம வாங்குன அடிய எல்லாம் ஒரே எடத்துல எழுதி வெச்சா, அடுத்து போறவன் ஒரு அடி கம்மியா வாங்குவான்."

"அதே தான்."

அப்படித்தான் 'ஏலக்கூடம்' பிறந்தது. இணையத்தில் ஒரு விக்கி. யார் வேண்டுமானாலும் பக்கம் திறந்து எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம். பெயர் நான் வைத்தது. காசிமேட்டு ஏலத்தில் விலையைக் காதில் குசுகுசுப்பது கிடையாது. கூடை முன்னால் கத்திக் கேட்பார்கள், சுற்றி நிற்பவன் எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் அப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு சங்கடம். கம்பெனி பெயரோடு எழுதினால் அடுத்த தடவை எந்த முதலீட்டுக்காரனும் கதவைத் திறக்க மாட்டான். அதனால் ஆளுக்கொரு மீன் பெயர் வைத்துக்கொண்டோம். ஆண்ட்ரூ வஞ்சிரம், எல்லாவற்றையும் நிர்வாகம் பண்ணுகிறவன், விலை கூடினவன் என்று அவனே எடுத்துக்கொண்டான். எழில்மொழி வவ்வால். மஜீதுக்குத் தட்டத் தெரியாது, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன், அவர் திருக்கை. எனக்கு மஜீது வைத்த பெயர் சென்னாக்குன்னி, பொடியிலும் பொடியான இறால். "கண்ணுக்கே தெரியாது யக்கா. ஆனா ஒரு வூட்ல வறுத்தா தெருவுக்கே தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆண்ட்ரூ சிரித்ததில் அவனுக்குப் புரையேறிவிட்டது, நான்தான் தலையில் தட்டினேன்.

எந்த மீன் யார் என்பது அந்த மேசையைத் தாண்டக் கூடாது. இதை நான் யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதான். கால் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடுவில் காது வைத்தே ஆகவேண்டும், காதில் விழும். கல்யாணம் நின்றது, கப்பல் கவிழ்ந்தது, மந்திரி வீட்டுச் சண்டை, எல்லாம் விழும். வயரை உருவும்போது கேட்டதும் அதோடு போய்விட வேண்டும். என் வீட்டுக்காரர் சாகும் வரைக்கும் நச்சரித்துப் பார்த்தார், என் வாயிலிருந்து ஒரு பெயர் வாங்க முடியவில்லை. என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும் என்றுதான் இருந்துவிட்டேன்.

ஏலக்கூடம் வளர்ந்த வேகம் எங்களுக்கே ஆச்சரியம். லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்பதற்கு நான் இப்படி எழுதினேன்: "கம்பெனியை விற்றால் முதல் பந்தி அவர்களுக்கு. அவர்கள் போட்டதை எடுத்த பிறகு சட்டியில் மிஞ்சினால்தான் நமக்கு." மறுநாள் பார்த்தால் முன்பின் தெரியாத ஒருவர் அதன் கீழே திருத்தியிருக்கிறார்: "சில ஒப்பந்தங்களில் முதல் பந்தி சாப்பிட்டுவிட்டு நம்மோடு இரண்டாம் பந்தியிலும் உட்காருவார்கள். அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவும்." ஈரோட்டில் நெசவு மெஷின் பாகம் செய்கிறவராம். கடல் மீன் பெயர் தெரியாமல் கெண்டை என்று வைத்துக்கொண்டார். மதுரை, ஓசூர், சிங்கப்பூர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். எந்த ஆபீஸில் காக்க வைப்பார்கள், யார் சிரித்துப் பேசிக் கழுத்தை அறுப்பார், யார் வாய்விட்டு இல்லை என்று சொல்கிற நல்லவர், எல்லாம் சேர்ந்தது. நான் கொச்சையாகத் தட்டியதை யாராவது இலக்கணம் பார்த்து நேராக்குவார்கள். ஆண்ட்ரூ ஆபீஸ் முடிந்து வந்து ஒவ்வொரு பக்கத்தையும் சீர்பண்ணுவான். அந்த இடத்தில் இருந்த நல்ல பக்கங்களில் பாதி அவன் எழுதியவை. அதை இப்போதும் சொல்வேன்.

நான் எழுதியதில் எனக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. 'கைப்பணம் தீரும்போது' என்று தலைப்பு. பணம் கேட்கப் போகிறவர்கள் எல்லாரும் வெளியே வீறாப்பாகப் பேசுவார்கள். உள்ளே என்ன ஓடும் என்று யாரும் எழுதவில்லை. நான் எழுதினேன். கொட்டகைக்காரர் இடத்தை விற்கப் போகிறார், ஏப்ரல் பாதிக்கு முன்னால் எங்கள் குத்தகை முடிகிறது, அதற்குள் பணம் வந்து வேறு இடம் பிடிக்காவிட்டால் கதை முடிந்தது, அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் பங்கு கேட்டால்கூடக் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்று விடியற்காலையில் தோன்றுகிறது, அப்படித் தோன்றுகிற நேரத்தில் யாரும் பேனாவைத் தொடாதீர்கள் என்று எழுதினேன். என்ன வியாபாரம் என்று சொல்லவில்லை. கீழே நிறையப் பேர் வந்து, எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் என்று எழுதினார்கள். கெண்டை எழுதினார்: "சென்னாக்குன்னி அவர்களே, உங்களால் நேற்று ஒரு கையெழுத்தைத் தள்ளிப்போட்டேன்."

2007 மழைக்காலத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு முதலீட்டுக் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. ரகோத்தமன் என்று ஒருவர். மரியாதையான மனிதர், மீன் வாடை ஆகாது, கொட்டகை வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். உங்கள் வியாபாரம் பிடித்திருக்கிறது என்றார். அடுத்த வாரம் தாள் அனுப்புகிறேன் என்றார். பிறகு ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் ஆனது. கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனும் வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு இப்டி இஸ்துகினு போறான்?" என்று மஜீது கேட்டபோதெல்லாம் ஆண்ட்ரூதான் சமாதானம் சொன்னான். "பெரிய எடத்துல அப்டித்தான் மாமு. கொஞ்சம் பொறுங்க."

ஈஸ்டர் முடிந்ததும் கூப்பிட்டார்கள். மஜீது புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்தார். பீச் ஸ்டேஷனில் வண்டி மாறிப் போனோம். ரகோத்தமன் தாளை நீட்டினார். ஏலக்கூடத்தின் புண்ணியத்தில் இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்தது. பாதிக்கு மேல் பங்கு அவர்களுக்கு. முதல் பந்தியும் அவர்களுக்கு, இரண்டாம் பந்தியும் அவர்களுக்கு. மீன் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், அதனால் மஜீது வேண்டாம். பெண்களை ஏஜென்ட் மூலம் எடுத்துக்கொள்ளலாம். நான் மட்டும் சம்பளத்துக்கு இருக்க வேண்டும்.

"உங்க குரல் எங்களுக்கு வேணும் மேடம்" என்றார்.

மஜீது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் தாளை மடக்கினேன். "யோசிக்கணும் சார். அவசரம் இல்ல. மே மாசம் சொல்றேன்."

ரகோத்தமன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாவப்படுகிற சிரிப்பு. "மே மாசம் வரைக்கும் எப்படி மேடம் தாங்குவீங்க? ஏப்ரல் பதினஞ்சுக்கு போட்டெல்லாம் கரைக்கு வந்துடும். அதுக்கு முன்னாடியே உங்க லீஸ் முடியுது. இடத்தை விக்கிறாங்க. பாதிக்கு மேல குடுக்கவும் நீங்க தயார்தான். எதுக்கு நாம ரெண்டு பேரும் நேரத்தை வீணாக்கணும்?"

கொட்டகைக்குள் கால் வைக்காத மனிதர். விற்கப்போவது எங்கள் கொட்டகை என்பது என் சாப்பாட்டு மேசைக்குத்தான் தெரியும்.

"இத யாரு சார் உங்களுக்குச் சொன்னது?"

"நீங்கதான். சென்னாக்குன்னி நீங்கதானே?" அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படியிறங்குகிற மாதிரி சொன்னார். "ரொம்ப அருமையான பக்கம் மேடம். எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். ஏன், ஆண்ட்ரூ உங்ககிட்ட சொல்லலையா? புது வருஷத்துலேர்ந்து அவர் எங்ககூடதான் இருக்கார். இன்னைக்கு பெங்களூர் போயிருக்கார், இல்லேன்னா அவரே வந்து உக்காந்திருப்பார்."

மஜீதோடு ரயிலில் திரும்பினேன். பூங்கா ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார்: "யக்கா, அந்தப் பேரு நான் வெச்சதுதானே?"

"ஆமா."

"நம்ம வூட்டு மேசைல வெச்சது."

"ஆமா மஜீது."

"ம்" என்றார். அத்தர் வாசனை அப்போதும் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்ட்ரூ வழக்கம்போல வந்தான். எழில்மொழியையும் வரச் சொல்லியிருந்தேன். குழம்பு வைத்தேன், மூன்று தட்டு வைத்தேன், அவனுக்கு வைக்கவில்லை. அவன் பார்த்தான். பிறகு தானே எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

"சொல்லணும்னுதான் இருந்தேன் ஆன்ட்டி" என்றான்.

"எப்போ? என் கொட்டகைக்குப் பூட்டு போட்ட பொறவா?"

"நீங்க தப்பா புரிஞ்சிகினீங்க. எல்லாரும் படிக்கட்டும்னுதானே எழுதினோம்? தொறந்த எடம்னா எல்லாருக்கும் தொறந்ததுதானே? துட்டு போடறவன் மட்டும் படிக்கக் கூடாதுன்னு எங்கனா ரூல் போட்டமா?"

"படிக்கட்டும்" என்றேன். "படிக்கட்டும்டா. நான் வேணாம்னா சொன்னேன்? சென்னாக்குன்னி பயந்துகினு கீறான்னு ஊரே படிக்கட்டும். அது இந்த ஹில்டான்னு சொன்னது யாரு?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"இன்டர்வியூல கேட்டாங்க. ஏலக்கூடம் நான் ஆரம்பிச்சதுன்னு சொன்னேன். அந்த ரகோத்தமன் சிரிச்சாரு. இதெல்லாம் வேலையத்தவன் கட்டிவுட்ட கதை, இதுல ஒரு கம்பெனி கூட நெஜமா இருக்காதுன்னாரு. எனக்குத் தாங்கல ஆன்ட்டி. ரெண்டு வருசமா கண்ணு முழிச்சி செஞ்சது. இல்ல சார், அத்தினியும் நெஜம், இந்த சென்னாக்குன்னி எங்க ஹில்டா ஆன்ட்டின்னு சொல்லிட்டேன்."

"என்னயும் சொன்னியா?" என்றாள் எழில்மொழி.

அவன் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

"சொல்லுடா. வவ்வால் யாருன்னு சொன்னியா?"

"எல்லாரயும் கேட்டாங்க எழில். எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்."

"வேலைய குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

மஜீது கையைத் தட்டிலேயே உதறினார். "நைனா, ஒருதபா வாய் தவறிச்சி, சரி. சின்ன புள்ள, பெருமைக்குச் சொல்லிட்ட. அதுக்கப்புறம் மூணு மாசமா இதே நாற்காலில குந்திகினு எங்க மீன துன்னுகினு, பொறுங்க மாமு, பொறுங்க மாமுன்னு சொன்னியே, அது இன்னாது? அதுவும் வாய் தவறினதா?"

ஆண்ட்ரூ என்னைப் பார்த்தான். காய்ச்சல் வந்தால் சின்ன வயதில் இப்படித்தான் பார்ப்பான். "நான் உள்ள இருந்தா உங்களுக்கு நல்லதா பேசலாம்னு நெனச்சேன் ஆன்ட்டி. பேசினேன். அவங்க கேக்கல. அதுக்குன்னு வேலைய உட முடியுமா?"

"உட வேணாம். சாப்புடு."

"இன்னொண்ணு கீது." தலையைக் குனிந்துகொண்டான். "ஏலக்கூடத்த இனிமே அவங்கதான் நடத்துவாங்க. சர்வர் என் பேர்ல கீது, எழுதிக் குடுத்துட்டேன். நாளைலேர்ந்து பாஸ்வேர்டு கேக்கும். அவங்க துட்டு போட்ட கம்பெனிங்களுக்கு மட்டும் தொறப்பாங்க. நல்லா நடத்துவாங்க ஆன்ட்டி."

எழில்மொழி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "எவனும் பூட்டி வெச்சிக்கக் கூடாதுன்னு மொத பக்கத்துல எழுதினது யாருடா? அத்த நீதானே தட்டின? நான் எழுத்துப்பிழை பாத்துக் குடுத்தேன்."

அவன் எழுந்தான். சாப்பிடாத தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி, அதே அலமாரியில் கவிழ்த்துவிட்டுப் போனான். சிறு வயதிலிருந்து நான் பழக்கியது. கோபத்தில் தட்டை அப்படியே விட்டுப் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் திறந்து பார்த்தேன். ஏலக்கூடம் என்ற பெயருக்குக் கீழே இரண்டு கட்டம், பயனர் பெயர், கடவுச்சொல். வேறு எதுவும் இல்லை. என் பக்கத்தைப் படிக்க என்னையே யார் என்று கேட்டது.

ரகோத்தமனின் தாள் என் மேசைமேல் கிடந்தது. மஜீது வந்து எதிரே உட்கார்ந்தார். "யக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. என்னய உட்டுட்டு நீ கையெழுத்து போட்டுடு. அந்தப் பொம்பளைங்க பொழப்பு ஓடும். எனக்கு வேன் கீது, ஓட்டலுக்குப் போட்டுகினு காலத்த தள்ளிடுவேன்."

"உன் வேன் இல்லாம என் ஹலோவ எவன் தூக்கிகினு போவான்?"

"நெஜமா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. பயப்படறப்ப பேனாவத் தொடாதன்னு ஊருக்கெல்லாம் எழுதிட்டு நானே தொடறதா?"

அவர் முன்னாலேயே நுங்கம்பாக்கத்துக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன். ரகோத்தமன் வருத்தப்பட்டார்; மெய்யாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். வைக்கும்போது கேட்டார், "ஆண்ட்ரூகிட்ட ஏதாவது சொல்லணுமா மேடம்?" ரிசீவரை வைத்துவிட்டேன்.

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, நடந்தது வீரமாக நடக்கவில்லை. கொட்டகை போனது. குளிர் அறை போனது. தடைக்காலத்தில் நாட்டுப்படகும் கட்டுமரமும் கொண்டுவருகிற கொஞ்சநஞ்ச மீனை மஜீது எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார். என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஆய்ந்தோம். பெண்களில் பாதிப் பேர் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். போகும்போது அழுதது அவர்கள் இல்லை, நான். அண்ணா நகர் வாடிக்கை முக்கால்வாசி கழன்றது. போன் மணி அடிப்பது குறைந்து, ஒருநாள் ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்தேன். தடைக்காலம் முடிந்து படகு போனபோது ஹலோ மீன் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. பங்கு கேட்க ஆள் இல்லாத அளவுக்குச் சின்னதாகியிருந்தது. ஆனால் இரண்டு பேருடையதாகவே இருந்தது.

ஏலக்கூடத்தைப் பூட்ட முடியவில்லை. அதற்குக் காரணமும் ஆண்ட்ரூதான். ஆரம்பத்தில் கரண்ட் போய்ப் போய் வந்து ஒருமுறை எல்லாப் பக்கமும் அழிந்துபோனபோது அவன் ஒரு பழக்கம் கொண்டுவந்தான்: மாசம் பிறந்தால் ஒவ்வொருவரும் மொத்தத்தையும் ஒரு நகல் எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். "நாளைக்கு நானே செத்துட்டாலும் இது சாவக் கூடாது" என்பான். எழில்மொழியிடம் ஒன்று இருந்தது, ஈரோட்டுக் கெண்டையிடம் ஒன்று இருந்தது, சிங்கப்பூரில் ஒன்று. பூட்டிய வாரத்திலேயே கெண்டை தன் செலவில் இடம் பிடித்து அத்தனையையும் திரும்ப ஏற்றிவிட்டார்.

ஏற்றிய அன்று எழில்மொழி என் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். எழுதியவர் பெயர் கீழே இருக்கும் இல்லையா? வஞ்சிரம், வஞ்சிரம், வஞ்சிரம் என்று வந்துகொண்டே இருந்தது.

"தூக்கிடு" என்றார் மஜீது. "அந்தப் பேரப் பாத்தாலே பேஜாராகுது."

"முடியாது மாமு. எடுத்தா எழுதினவன் பேர உடாம போடணும். அதுதான் ரூலு."

"எவன் போட்ட ரூலு?"

அவள் திரையில் வஞ்சிரம் என்ற பெயரை விரலால் காட்டினாள்.

"இருக்கட்டும்" என்றேன். "அவன் எழுதினது நல்லாத்தானே கீது."

"யக்கா, உன் பேர அவன் வித்தான்."

"தெரியும் மஜீது."

எழில்மொழியை நகரச் சொல்லிவிட்டு 'கைப்பணம் தீரும்போது' பக்கத்தைத் திறந்தேன். அழித்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது. அழிக்கவில்லை. அதன் கீழே நுங்கம்பாக்கத்தில் நடந்ததை எழுதினேன்: எத்தனை மாதம் இழுத்தார்கள், எதற்காக இழுத்தார்கள், தாளில் என்ன இருந்தது, நான் என்ன சொன்னேன், பிறகு என்ன இழந்தேன். என்ன வியாபாரம் என்பதையும் எழுதினேன். எழுதியவர் என்ற இடத்தில் சென்னாக்குன்னியை எடுத்துவிட்டு ஹில்டா, ஹலோ மீன், ராயபுரம் என்று போட்டு, போன் நம்பரையும் போட்டேன். இனி யாரும் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்க முடியாது. "எங்களில் ஒருவர் மூலமாக விவரம் போனது" என்று மட்டும் ஒரு வரி சேர்த்தேன்.

எழில்மொழி தோள்மேல் எட்டிப் படித்தாள். "ஒருவர்னு போட்டா எப்டி ஹில்டாம்மா? பேரப் போடுங்க. அடுத்தவங்களாச்சும் உசாரா இருப்பாங்க."

நான் சேமி என்ற பொத்தானை அழுத்திவிட்டேன்.

நம்பர் போட்டதால் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். தாளைப் படித்துக் காட்டி அர்த்தம் கேட்பார்கள். பழையபடி எனக்குப் பேச்சு வேலை வந்துவிட்டது, கூலி இல்லாத வேலை. ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் ஈரோட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறேன்.

"ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா? உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தனுங்க. இந்த வஞ்சிரம்னு எழுதறவரு யாருங்க? ஆளையே காணோம் இப்பெல்லாம். அவரு எழுதி வெச்சதைப் படிச்சுத்தானுங்க நான் கம்பெனியக் காப்பாத்துனேன். மெட்ராஸ் வந்தா நேர்ல பாத்து ஒரு நன்றி சொல்லோணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேங்க?"

வாசலில் மஜீது ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"தெரியாதுங்க" என்றேன்.